பூசணிக்காயைத் திட்டுறதை விட்டுட்டு பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்க



கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுறவங்க திட்டலாம். நான் ஆலய நிர்வாகக் குழுவில் இல்லை. பந்தி பரிமாறுறது, கார் நிறுத்துற இடத்தைப் பார்க்குறது, செருப்பு ரேக் அடுக்குறது, இதுதான் என் தொண்டு. அதனால இது நிர்வாகத்தோட கருத்து இல்லை, என் சொந்தக் கருத்து.

போன வருஷம் நம்ம தாமான்ல நடந்த ஹாலோவீன் படம் ஒண்ணு மறுபடியும் வாட்ஸ்அப்ல சுத்துது. சூனியக்காரி தொப்பி, எலும்புக்கூடு சட்டை, கையில ஆரஞ்சு கலர் வாளி. அந்தப் படத்துல இருக்குறதுல பாதிப் பேர் நம்ம ஆலய சமய வகுப்புப் பிள்ளைங்க. படத்துக்குக் கீழே மூணு கோரிக்கை எழுதியிருக்காங்க.

ஒண்ணு, இந்துக் குடும்பம் யாரும் ஹாலோவீனுக்குப் போகக் கூடாதுன்னு ஆலயத்துலயே அறிவிக்கணும். ரெண்டு, ருக்குன் தெத்தாங்காவுக்குக் கடிதம் போட்டு அந்த நிகழ்ச்சியையே நிறுத்தச் சொல்லணும். மூணு, படத்துல இருக்குற பிள்ளைகளுக்கு இந்த வருஷம் நவராத்திரி மேடையில ஆடவோ பாடவோ இடம் கொடுக்கக் கூடாது.

மூணாவது கோரிக்கைக்குத்தான் கும்பிடு எமோஜி அதிகம். நவராத்திரி ஏற்பாட்டுக் கூட்டத்துல இதைப் பேசப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். பேசுறதுக்கு முன்னாடி என் மனசுல இருக்குறதைச் சொல்லிடுறேன். இந்த மூணு கோரிக்கையும் தப்பு. மூணாவது, பாவம்.

முதல்ல, "இது பேய் வழிபாடு, சாத்தான் பூஜை"ங்குற பேச்சு. ஹாலோவீன்ங்குற பேரே கிறிஸ்தவங்க நாள்காட்டியில இருந்து வந்ததுதான். நவம்பர் 1 எல்லாப் புனிதர்களோட திருநாள். அதுக்கு முந்தின நாள் சாயந்திரம்னு அர்த்தம். அதுக்கும் முன்னாடி அயர்லாந்துப் பக்கம் அறுவடை முடிஞ்சு குளிர் காலம் தொடங்குற நேரத்துல கொண்டாடின ஒரு பழைய விழா இருந்தது. இறந்தவங்க அந்த ராத்திரியில வீட்டுப் பக்கம் வருவாங்கன்னு நம்பினாங்க. பிற்காலத்துல இங்கிலாந்துல ஏழைங்க வீடு வீடா போய், அந்த வீட்டுல இறந்தவங்களுக்காக ஜெபம் பண்றோம்னு சொல்லி ரொட்டி வாங்கிச் சாப்பிட்டிருக்காங்க. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைஞ்சு விளக்கு வச்சாங்க. அமெரிக்காவுக்குக் குடியேறின பிறகு கைக்குக் கிடைச்ச பூசணிக்காயைக் குடைஞ்சாங்க. இன்னைக்குப் பேரங்காடியில விக்கிற பிளாஸ்டிக் பூசணி அதோட பேரன்.

இறந்தவங்களை நினைச்சு சாப்பாடு கொடுக்குறது நமக்குப் புதுசா? 2025-ல செப்டம்பர் 21 மகாளய அமாவாசை. எள்ளும் தண்ணியும் விட்டு, காக்காய்க்குச் சோறு வச்சுட்டுத்தானே நாம சாப்பிடுவோம்? அதே செப்டம்பர் 21-லதான் சீனர்களோட ஏழாம் மாசமும் அந்த வருஷம் முடிஞ்சது. பினாங்குல பிறந்து வளர்ந்த யாருக்கும் அந்த மாசத்தைப் பத்திச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரோட்டோரம் ஊதுவத்தி, பெரிய காகித எமராஜா, மேடைக் கூத்து, முதல் வரிசை நாற்காலி காலியா இருக்கும். அந்த நாற்காலியில நம்ம யாராவது போய் உட்காருவோமா? மாட்டோம். அது யாருக்குப் போட்டதுன்னு தெரியும். நம்ம தமிழ்க் கத்தோலிக்கச் சொந்தங்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கல்லறையைக் கழுவி, பூ வச்சு, மெழுகுவத்தி ஏத்திட்டு வருவாங்க.

வருஷத்தோட இந்தப் பகுதியில எல்லா ஜனமும் போனவங்களை நினைக்குது. ஹாலோவீன்ல அந்த நினைப்பு கரைஞ்சு போய் மிட்டாயும் முகமூடியும் மட்டும் மிச்சம் இருக்கு. அது வியாபாரமா ஆயிடுச்சு, ஒத்துக்குறேன். ஆனா மிட்டாய் வாங்கப் போன எட்டு வயசுப் பிள்ளையைச் சாத்தானைக் கும்பிடப் போச்சுன்னு சொல்றது பொய். பொய் சொல்லி யாரும் சமயத்தைக் காப்பாத்தினது கிடையாது.

ரெண்டாவது பேச்சு, "நம்ம பண்பாடு அழியுது, பிள்ளைங்க அந்தப் பக்கம் போயிட்டாங்க."

நான் முப்பது வருஷத்துக்கு மேல பிறையில ஃபேக்டரி வேலை. லைன்ல ரிஜெக்ட் அதிகமானா மெட்டீரியலைத் திட்டிக்கிட்டு நிக்க மாட்டோம். மெஷின் செட்டிங்கைப் பார்ப்போம். அதே மாதிரி இதையும் பார்ப்போம்.

ஹாலோவீன் அன்னைக்குப் பிள்ளைக்கு என்ன கிடைக்குது? வேஷம் போட்டுக்கலாம். கூட்டாளிங்களோட தெருவுல நடக்கலாம். ஒவ்வொரு வீட்டுக் கேட்லயும் நின்னு கூப்பிடலாம். கதவு திறக்குறவங்க சிரிச்சு, "அடேயப்பா, யாரு இது"ன்னு கேட்பாங்க. கையில ஏதாவது கொடுப்பாங்க. அந்த ரெண்டு மணி நேரம் முழுக்க அந்தப் பிள்ளைதான் முக்கியமான ஆளு.

நம்ம ஆலயத்துல நவராத்திரி அன்னைக்கு அதே பிள்ளைக்கு என்ன கிடைக்குது? "ஓடாதே." "சத்தம் போடாதே." "கொலுவைத் தொடாதே." "போனை எடுக்காதே." "அங்கே உட்காரு." உபயக்காரர் குடும்பம் முன்னாடி நிக்கும், மாலை மரியாதை நடக்கும், மேடையில மூணு பேர் பேசுவாங்க. பிள்ளை தூணுக்குப் பின்னாடி தூங்கி வழியும். கடைசியில சுண்டல் வாங்கிட்டுக் கிளம்பும்.

நான் செருப்பு ரேக் பார்க்குறவன். மண்டபத்துக்குள்ள எட்டிப் பார்க்காமலே கணக்கு சொல்வேன். முதல் நாள் சின்னச் செருப்பு நிறைய இருக்கும். மூணாவது நாள் ரெண்டு வரிசை காலி. ஐந்தாவது, ஆறாவது நாள் விரல் விட்டு எண்ணிடலாம். சரஸ்வதி பூஜை அன்னைக்குப் புத்தகம் வைக்கணும்னு மறுபடியும் வரும். நடுவுல இருக்குற அந்த நாள்ல எல்லாம் ஹாலோவீன் கிடையாது. அது இன்னும் ஒரு மாசம் தள்ளி. அப்போ பிள்ளைங்களை யாரு இழுத்துட்டுப் போனா? யாரும் இழுக்கலை. நாமதான் அவங்களுக்கு ஒரு வேலையும் கொடுக்கலை.

இதுல வேதனை என்னன்னா, ஹாலோவீன்ல பிள்ளைகளுக்குப் பிடிச்ச அத்தனையும் நம்மகிட்ட ஏற்கனவே இருந்தது. கொலுன்னா என்ன? வீடு வீடா போறது. பாவாடை சட்டை, கிருஷ்ணர் வேஷம், ராதை வேஷம். போன வீட்டுல ஒரு பாட்டு பாடணும், பாடினா சுண்டலும் குங்குமமும். ஒரு வீட்டுல கொண்டைக்கடலை, அடுத்த வீட்டுல பச்சைப்பயறு, யார் வீட்டுச் சுண்டல் நல்லா இருந்ததுன்னு வழியெல்லாம் பேச்சு. தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பும் அப்படித்தான். சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை எல்லாம் சேர்ந்து வரும், முறுக்கு தின்னும், அங்பாவ் வாங்கும், அடுத்த வீட்டுக்கு ஓடும். இன்னைக்கு நம்ம தாமான்ல எத்தனை வீட்டுல கொலு வைக்குறாங்க? எத்தனை வீடு தீபாவளிக்குக் கேட்டைத் திறந்து வைக்குது? புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் ஷிப்ட் வேலை, வீட்டுல இடமில்லை, நியாயம்தான். நானும் ஷிப்ட்காரன். ஆனா நாம கேட்டைச் சாத்தினோம், பக்கத்துத் தெருவுல இன்னொருத்தர் திறந்தார். பிள்ளை திறந்த கேட்டுக்குப் போகுது. அதுக்கு மேடையில இடம் கிடையாதுன்னு தண்டனையா?

அந்தப் படத்துல சூனியக்காரி தொப்பியோட நிக்குற ஒரு பிள்ளை, நம்ம சமய வகுப்புல அபிராமி அந்தாதி இருபது பாட்டுக்கு மேல மனப்பாடமாச் சொல்லும். படத்தைப் பரப்புறவங்க எத்தனை பேருக்கு ரெண்டு பாட்டு தெரியும்னு நான் கேட்க மாட்டேன், மரியாதை இல்லை. ஆனா ஒண்ணு கேட்பேன். அந்தப் பிள்ளையை "நீ மேடை ஏறாதே"ன்னு திருப்பி அனுப்பினா, அது வீட்டுக்குப் போய் அந்தாதியைத் தொடர்ந்து படிக்குமா? இன்னும் பத்து வருஷம் கழிச்சு அதுக்கு நம்ம ஆலயம்னா எது ஞாபகம் வரும்? அம்மன் முகமா, நம்ம முகமா? பதினொரு வயசுப் பிள்ளைக்கு அம்மன் சந்நிதியில வச்சு அவமானம் கொடுக்க நமக்கு யாரு அதிகாரம் கொடுத்தா?

இப்போ ருக்குன் தெத்தாங்காவுக்குக் கடிதம் போடுற விஷயம். கொஞ்சம் ஞாபகப்படுத்துறேன். 2024-ல தீபாவளி வந்தது அக்டோபர் 31. ஹாலோவீனும் அதே நாள். அவங்க நினைச்சிருந்தா, அன்னைக்குத்தான் பொது விடுமுறை, வசதின்னு அதே ராத்திரி வச்சிருக்கலாம். "இந்தியர் வீட்டுல பண்டிகை, அன்னைக்கு வேண்டாம்"னு அவங்களே முடிவு பண்ணி 26-ஆம் தேதி சனிக்கிழமைக்கு மாத்திட்டாங்க. நாம கேட்கவே இல்லை. நமக்காகத் தேதி மாத்தினவங்களுக்கு நாம "நிறுத்து"ன்னு கடிதம் போடப் போறோமா? நாளைக்கு நம்ம தேர் வீதியில வரும்போது யாராவது இதே மாதிரி கடிதம் போட்டா நம்ம வாய் எந்தப் பக்கம் திரும்பும்?

இந்த நாட்டுல நம்ம ஆலயம் நிமிர்ந்து நிக்குறதுக்குக் காரணம், ஒருத்தர் வழிபாட்டை இன்னொருத்தர் இடைஞ்சலா நினைக்காம இருந்ததுதான். பட்டர்வொர்த் ராஜா ஊடாவுல ஒன்பது பேரரசர் கோயில் விழாவைப் பாருங்க. அவங்களோட ஒன்பதாம் மாசம் அமாவாசை கழிஞ்ச முதல் நாள்ல இருந்து ஒன்பது நாள். நம்ம நவராத்திரியும் அமாவாசை கழிஞ்சுதான். 2024-ல ரெண்டும் ஒரே நாள்ல, அக்டோபர் 3-ல தொடங்கிச்சு. 2025-ல அவங்க பஞ்சாங்கத்துல ஒரு மாசம் கூடுதலா வந்ததால அக்டோபர் 21-க்குத் தள்ளிப் போச்சு, நம்ம தீபாவளிக்கு மறுநாள். வெள்ளை உடுப்பு, ஒன்பது நாளும் சைவம். நம்ம ஆளுங்களும் போய் ஊதுவத்தி ஏத்திட்டு, சைவச் சாப்பாட்டுக் கடையில சாப்பிட்டுட்டுத்தான் வர்றோம். சாப்பிட்டு வந்தவங்க யாரும் மதம் மாறலை. மூன்கேக் விழாவுல பிள்ளைங்க தங்லோங் விளக்கு பிடிச்சிட்டு நடக்கும். அதுக்கும் நம்ம பிள்ளைங்க போகுது. அதை ஏன் யாரும் படம் போட்டுத் திட்டலை?

எங்க ஃபேக்டரியில நேப்பாளித் தொழிலாளிங்க இருக்காங்க. நம்ம நவராத்திரிதான் அவங்களுக்கு தசைன், வருஷத்துலயே பெரிய பண்டிகை. யவ தானியத்தை இருட்டுல முளைக்க வச்சு, விஜயதசமி அன்னைக்கு அந்த மஞ்சள் நாத்தைக் காதுல செருகிக்குவாங்க. அச்சு அசல் நம்ம முளைப்பாரி. பெரியவங்க அரிசியும் தயிரும் செந்தூரமும் குழைச்சு நெத்தி நிறைய வைப்பாங்க. அம்மா அப்பா ஊர்ல, இவங்க ஹாஸ்டல்ல. வயசுல மூத்த ஒருத்தர் மத்தவங்களுக்கெல்லாம் வச்சு விடுவார். இவங்களுக்கு நம்ம அம்மன் வேற அம்மன் கிடையாது. ஒன்பது ராத்திரியில ஒரு ராத்திரியாவது இவங்களை ஆலயத்துக்கு வாங்கன்னு முறையா கூப்பிட்டிருக்கோமா? பூசணிக்காய்க்கு எதிரா கையெழுத்து வேட்டைக்கு இருக்குற நேரம் இதுக்கு இல்லையா?

இதுவரைக்கும் படிச்சிட்டு "ஆஹா, அண்ணன் நம்ம பக்கம்"னு சந்தோஷப்படுற இளைஞர் பிரிவுத் தம்பி தங்கைங்களே, உங்களுக்கும் ரெண்டு வார்த்தை இருக்கு.

மண்டபத்துல எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து "ஆட்டம் ஃபெஸ்டிவல்" வைக்கலாம்னு ஒரு யோசனை போயிட்டிருக்கு. ஒரு பக்கம் கொலு, ஒரு பக்கம் தங்லோங், ஒரு பக்கம் பேய் வீடு, அப்போதான் பிள்ளைங்க வரும்னு சொல்றீங்க. முதல்ல அந்தப் பேரு. நம்ம நாட்டுல இலையுதிர் காலமே கிடையாது. அக்டோபர்னா மழை, வாசல்ல கொசு. ஆட்டம் ஃபெஸ்டிவல்னு பேனர் போட்டா நம்ம பாட்டிங்க டான்ஸ் போட்டின்னு நினைச்சு முன் வரிசையில வந்து உட்காருவாங்க.

சிரிப்பு போகட்டும். பக்கத்துல பக்கத்துல நிக்குறது வேற, எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டுறது வேற. ராஜா ஊடாவுல அவங்க நம்மளை வரவேற்குறாங்க, ஆனா நமக்காக அவங்க விழாவை மாத்திக்கிட்டாங்களா? கிடையாது. அதனாலதான் அதுக்கு மரியாதை. மகாளய அமாவாசையை "நம்ம ஹாலோவீன்"னு சொல்லாதீங்க. அன்னைக்கு நாம எள்ளுத் தண்ணி விடுறது நம்ம தாத்தாவுக்கு. அவர் பயமுறுத்துற பேய் கிடையாது. தீபாவளியை "இந்தியன் ஹாலோவீன்"னு போன வருஷம் சிலர் போஸ்டர் போட்டாங்க, அதுவும் வேண்டாம். பேய் வீடு தாமான் கூடத்துல இருக்கட்டும், அம்மன் மண்டபத்துக்குள்ள வேண்டாம்.

இன்னொண்ணு, இதுல நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். காளி வேஷம், நாக்கு தொங்க, ரத்தக் கலர் பூசி ஹாலோவீனுக்குப் போடுறது. வித்தியாசமா இருக்கும்னு யாராவது பிள்ளைக்கு ஐடியா கொடுத்தா, தயவு செஞ்சு நிறுத்துங்க. அந்த முகத்தைப் பார்த்து அழுது வேண்டிக்கிட்டவங்க இந்த ஊர்ல எத்தனை பேர். அது நமக்குத் தாயோட கோபம், வேடிக்கைப் பொருள் கிடையாது. சூனியக்காரி தொப்பி போடு, எலும்புக்கூடு சட்டை போடு, சிரிச்சிட்டுப் போறோம். அம்மனைத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குத் தேர் இருக்கு.

சரி, குறை சொன்னது போதும். என்ன செய்யலாம்னு சொல்றேன். எதுக்கும் பெரிய காசு வேண்டாம்.

கொலுப் படி அடுக்குற வேலையைப் பிள்ளைங்ககிட்ட கொடுங்க. பொம்மை உடைஞ்சா உடையட்டும், புதுசு வாங்க நான் தர்றேன். அடுக்குற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பொம்மையோட கதையைத் தெரிஞ்சு வச்சுக்கணும். வர்ற பக்தருக்கு அதுதான் நின்னு சொல்லணும், தமிழ்ல. திக்கினாலும் பரவாயில்லை.

ஒவ்வொரு ராத்திரியும் சுண்டல் கட்டுறது, கொடுக்குறது பிள்ளைங்க பொறுப்பு. பெரியவங்க கரண்டியைக் கீழே வைங்க. மைக்ல அறிவிப்பு பிள்ளைங்க செய்யட்டும். மூணு பேச்சை ஒரு பேச்சாக் குறைங்க, அதுவும் ஐந்து நிமிஷம். மிச்ச நேரத்துல தேவார வகுப்புப் பிள்ளைங்க பாடட்டும். செருப்பு ரேக்குக்கு எனக்கு ரெண்டு பையன் வேணும், டோக்கன் கொடுத்து எப்படி அடுக்குறதுன்னு நான் சொல்லித் தர்றேன்.

தாமான்ல கொலு வைக்குற வீடு எத்தனைன்னு கணக்கெடுத்து, ஒரு சனிக்கிழமை சாயந்திரம் பிள்ளைங்களை வேஷத்தோட கூட்டிட்டுப் போவோம். ஆண்டாள், முருகன், ஔவையார், பாரதியார், எது வேணாலும். கொலு இல்லாத வீடு வாசல்ல ஒரு விளக்கு வச்சாப் போதும், அந்த வீட்டு முன்னாடி நின்னு ஒரு பாட்டு பாடிட்டு வருவோம். சீனப் பிள்ளைங்க கூட வந்தா வரட்டும். மலாய்க்கார அண்டை வீட்டுக்குப் பிரசாதத்தை நீட்டி அவங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். அவங்களுக்குத் தீபாவளிக்கு ஹலால் முத்திரை போட்ட பலகாரம் வாங்கிட்டுப் போய்க் கொடுப்போம்.

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகம் மட்டும் வைக்கச் சொல்லாம, அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போற ஸ்பேனரையும் அம்மா தையல் கத்திரியையும் பிள்ளையே கழுவித் துடைச்சுக் கொண்டு வரட்டும். அப்பா அம்மா எதை வச்சுச் சோறு போடுறாங்கன்னு அன்னைக்காவது கையில தொட்டுப் பார்க்கட்டும். விஜயதசமிக்கு நேப்பாளித் தம்பிங்களை நான் கூட்டிட்டு வர்றேன். பந்தியில அவங்களுக்கு இடம் வேணும்.

இதையெல்லாம் செஞ்சு முடிச்ச பிறகு, அக்டோபர் 31 ஹாலோவீனுக்குப் போறதா வேண்டாமான்னு ஒவ்வொரு வீட்டுலயும் அப்பா அம்மா முடிவு பண்ணிக்கட்டும். போற பிள்ளை போகட்டும். கொலுவுல நின்னு கதை சொன்ன பிள்ளைக்கு எது விளையாட்டு, எது வழிபாடுன்னு தெரிஞ்சிருக்கும். அந்தத் தெளிவு இல்லாத பிள்ளையை வீட்டுக்குள்ள பூட்டி வச்சாலும் போன்ல எல்லாத்தையும் பார்க்கத்தான் போகுது.

கூட்டத்துக்கு வர்றவங்ககிட்ட என் வேண்டுகோள் இதுதான். மேடைத் தடைக்கு யாராவது கை தூக்கச் சொன்னா, தூக்காதீங்க. அதுக்குப் பதிலா, "எந்த ராத்திரிக்கு எந்த வேலைக்கு எந்தப் பிள்ளை"ன்னு பட்டியல் போடச் சொல்லுங்க. நம்ம பிள்ளைங்க பேரைக் கமெண்ட்ல போட வேண்டாம். ஆலய அலுவலகத்துல ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன், அதுல வந்து எழுதுங்க. படத்தைப் பரப்புனவங்க வீட்டுப் பிள்ளைங்க பேரும் அதுல வரணும். அவங்களும் நம்ம பிள்ளைங்கதான்.

தப்பா ஏதும் எழுதியிருந்தா நேர்ல வந்து சொல்லுங்க. செருப்பு ரேக் பக்கத்துலதான் இருப்பேன்.

அம்மன் துணை. ஓம் சக்தி.